ஏழாம் எண் நீர்புகா உடை

சிறுபடகுப் பாதுகாப்பு இயக்ககம் எட்டு ஆண்டுகளுக்கு முன்பு பன்னிரண்டு நீர்புகா உடைகளை வாங்கியது. ஏரியில் பாய்மரப் படகு ஓட்டுபவர்கள் தவறித் தண்ணீரில் விழுந்தால் குளிரில் விறைத்துச் சாகாமல் இருப்பதற்காக என்று கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. கழுத்திலிருந்து கால்விரல் வரை ஒரே துண்டாகத் தைத்த ஆரஞ்சு நிற உடை. கழுத்திலும் இரண்டு மணிக்கட்டிலும் தோலோடு ஒட்டிப் பிடிக்கும் ரப்பர் வளையம். நெஞ்சுக்குக் குறுக்கே தடித்த ஜிப். உள்ளே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு மேலே இதை மாட்டினால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உடம்பைத் தொடாது. இந்த எட்டு ஆண்டுகளில் அந்தப் பன்னிரண்டு உடைகளுக்கும் எந்த ஆபத்தும் நேரவில்லை.

போன குளிர்காலத்தில் அத்தான் செத்துப்போனார்.

அத்தான் என்பது நீர்மட்ட அளவரின் அக்கா கணவர். அவரும் நீர்மட்ட அளவர்தான். ஏரிக்குள் ஏழு இடங்களில் அளவுக் கம்பங்கள் நட்டிருக்கும். தினமும் காலையில் சின்னப் பாய்மரப் படகில் ஒவ்வொரு கம்பமாகப் போய், தண்ணீர் எந்தக் கோடுவரை நிற்கிறது என்று பார்த்துக் குறித்துவர வேண்டும். ஏரி நெடுகக் கொடியும் பாசியும் மண்டிக்கிடப்பதால் மோட்டார் படகு உதவாது. ஒரு வாரம் அத்தான் போவார், மறுவாரம் மைத்துனர். அது அத்தானின் வாரம். நாலாவது கம்பத்தருகே காற்று சட்டென்று திசை மாறிப் படகு கவிழ்ந்தது. பருத்திச் சட்டை, இரண்டு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, அதற்கு மேல் மிதவைச் சட்டை. மிதவைச் சட்டை அதன் வேலையைச் செய்தது, அவர் மூழ்கவில்லை. தண்ணீர் நாலு டிகிரி. மீட்கப் போனபோது படகின் விளிம்பைப் பிடித்தபடியே மிதந்துகொண்டிருந்தார். விரல்களை விளிம்பிலிருந்து பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. சாவுக்குக் காரணம் நீர் அல்ல, குளிர் என்று மருத்துவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

செய்தி வந்தபோது அளவர், "பாயை யாராவது இறக்கிட்டீங்களா?" என்று கேட்டார். இப்போது அழுவார், இப்போது அழுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவரும் காத்திருந்தார். வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட கன்னம்போல உள்ளே ஏதோ ஒரு பக்கம் இல்லாமலே போயிருந்தது. அக்காவும் அழவில்லை. அவள் படகுத்துறைக்குப் பின்தெருவில் பாய் தைக்கும் பட்டறை வைத்திருக்கிறாள். எட்டாம் நாள் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, பாதியில் நின்ற பாயை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள்.

இயக்ககம் விசாரணை நடத்தி நாற்பத்து மூன்று பக்க அறிக்கை வெளியிட்டது. முதல் முப்பது பக்கம் இயக்ககத்தின் வரலாறு. கடைசிப் பக்கத்தில் உத்தரவு இருந்தது: இனி நீர்புகா உடை அணியாமல் யாரும் படகில் ஏறக் கூடாது. மீறிச் செல்வோர், அவர்கள் திரும்பி வரும் பட்சத்தில், ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாவார்கள்.

இனி எல்லா வாரமும் தன் வாரமே என்றாகிவிட்ட அளவர், உத்தரவின் நகலை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனார்.

கிடங்குக் காப்பாளரை எல்லோரும் 'பூட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அதை ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டிருந்தார். மேசைமேல் நாலு பதிவேடு, ஒரு மை ஒற்றி, ஒரு மேசை விளக்கு. அவருக்குப் பின்னால் கம்பிக் கதவுக்கு அப்பால் பன்னிரண்டு ஆரஞ்சு உடைகளும் தலையில்லாத ஆட்கள் வரிசையில் நிற்பதுபோலத் தொங்கிக்கொண்டிருந்தன.

"உடை வேணும்," என்றார் அளவர்.

"எதுக்கு?"

"போட்டுக்கிட்டுப் படகுல போக."

பூட்டு படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "இந்த 'எதுக்காக' கட்டத்துல ஒழுங்கா எழுதணும். உங்க அத்தான் மூணு தடவை வந்து கேட்டார். மூணு தடவையும் 'குளிருது'ன்னு எழுதினார். அது ஒரு காரணமா சொல்லுங்க? குளிருதுன்னா ஸ்வெட்டர் போடணும்."

அளவர் உத்தரவு எண்ணைப் பார்த்து எழுதினார். பூட்டு திருப்தியாகத் தலையாட்டிவிட்டு மூன்று பூட்டுகளைத் திறந்தார். ஏழாம் எண் உடையை இரண்டு கையிலும் ஏந்தி, தூங்குகிற குழந்தையைக் கொண்டுவருவதுபோலக் கொண்டுவந்து மேசைமேல் கிடத்தினார்.

"நிபந்தனைகளைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. முக்கியமானது ஆறாவது."

ஆறாவது நிபந்தனை: உடை வழங்கப்பட்ட நிலையிலேயே, ஈரம் படாமல், திருப்பி ஒப்படைக்கப்பட வேண்டும்.

அளவர் இரண்டு முறை படித்தார். "இது தண்ணிக்குள்ள போட்டுக்கிற உடைதானே?"

"ஆமா."

"தண்ணி பட்டா நனையுமே?"

"உள்ள நனையாது. அதான் இதோட சிறப்பு."

"வெளிய?"

"வெளிய நனைஞ்சா பொருளோட நிலை மாறிடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் நீர் புகுதா இல்லையான்னு நிபுணர் குழு வந்து பார்க்கணும். குழு இன்னும் அமைக்கலை."

"தவறித் தண்ணில விழுந்துட்டா?"

"விழறதுக்கு முன்னாடி படிவம் பதினொண்ணு குடுக்கணும். மூணு நாள் முன்னாடி." பூட்டு குரலைத் தாழ்த்தினார். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். பேசாம விழாம இருங்க."

அளவர் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து அவருடையதுபோலவே இருந்தது.

உடையை அக்காவின் பட்டறைக்கு எடுத்துப்போனார். அங்கேதான் நீள மேசை இருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு மேசைமேல் கிடந்த பாயைச் சுருட்டி ஒதுக்கினாள். அளவர் கம்பளிச் சட்டையோடு கால்களை உள்ளே நுழைத்தார், கைகளை நுழைத்தார், தலையை நுழைக்கக் கழுத்து ரப்பரை இரண்டு கையாலும் விரித்தார். அது சத்தமே இல்லாமல் பிளந்து, பழைய செய்தித்தாள் மாதிரி துண்டு துண்டாக அவர் காலடியில் உதிர்ந்தது.

அக்கா குனிந்து ஒரு துண்டை எடுத்து நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். "எத்தனை வருஷம் உள்ள கிடந்துது?"

"எட்டு."

"ரப்பர் சும்மா கிடந்தாலும் செத்துப் போகும்டா. போட்டாலும் சரி, போடாட்டியும் சரி." மணிக்கட்டு ரப்பரில் விரலை விட்டாள். அதுவும் வந்துவிட்டது. "அப்ப அவருக்கு அன்னிக்கு இதைக் குடுத்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. இல்லையா?"

"தெரியலைக்கா."

"ஆகியிருக்காது," என்றாள். "எனக்கு அப்படி நெனைச்சுக்கறதுதான் நல்லாருக்கு."

முக்குளிப்பவர்களின் உடைக்குப் பயன்படுத்துகிற தடித்த ரப்பர்த் துணி அவளிடம் கொஞ்சம் இருந்தது. தம்பியின் கழுத்தையும் மணிக்கட்டையும் அளவெடுத்தாள். பழைய ரப்பர் இருந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதிய வளையங்களை வெட்டி, பசை தடவி, ஒரு குடத்தின் கழுத்திலும் இரண்டு புட்டிகளிலும் உடையை மாட்டி ஒட்டினாள். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டாள். பிறகு பட்டறைக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் தொட்டியில் இறங்க அளவர் உடையை மாட்டினார். ஜிப்பைக் கடைசிவரை இழுத்திருக்கிறாரா என்று இரண்டு தடவை பார்த்தாள். குத்தவைத்து உட்காரச் சொல்லி, கழுத்து வளையத்தை ஒரு விரலால் விலக்கி உள்ளே இருந்த காற்றை வெளியேற்றினாள். காற்றோடு விழுந்தால் காலில் ஏறி ஆளைத் தலைகீழாக்கிவிடும் என்றாள். அவர் கழுத்துவரை இறங்கி நின்று, கால் மணி நேரம் கழித்து ஏறி உடையைக் கழற்றியபோது கம்பளிச் சட்டை காய்ந்தே இருந்தது. அவள் இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்க்காத குறையாக வெளிப்புறத்தைத் துடைத்து உலர்த்தினாள்.

மறுநாள் காலை படகுத்துறைக்கு வந்த அளவர் நீர்புகா உடைக்கு மேலே வீட்டு மழைக்கோட்டைப் போட்டிருந்தார். அதற்கு மேல் மிதவைச் சட்டை. ஆறாவது நிபந்தனைக்காகப் பாதி, புதுக் கழுத்து வெளியே தெரியக் கூடாது என்று பாதி. ஆய்வுக்கு வந்திருந்த இயக்குநர் அவரைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"இது என்ன?"

"நீர்புகா உடை நனையாம இருக்க, ஐயா."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. அவர் இருபத்தாறு ஆண்டுகளாக இப்படி ஒரு ஊழியருக்காகக் காத்திருந்தவர். ஒரு வாரத்தில் சுற்றறிக்கை வந்தது: நீர்புகா உடை அணிவோர் அதற்கு மேல் ஓர் உறையுடை கட்டாயம் அணிய வேண்டும். பன்னிரண்டு உறையுடைகள் வாங்கப்பட்டன. வந்த அன்றே அவை கிடங்கில் பூட்டப்பட்டன. உறையுடை கிடைக்கும்வரை சொந்த மழைக்கோட்டையே தொடரலாம் என்று இன்னொரு சுற்றறிக்கை வந்தது.

அடுத்த மாதம் பாதுகாப்பு நாள். அரங்கின் மேடையில் ஐந்து நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நான்கில் அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். ஐந்தாவதில் முதலாம் எண் நீர்புகா உடையை மடித்து உட்காரவைத்திருந்தார்கள். பாராட்டுச் சான்றிதழ் வாங்க அக்காவை மேடைக்கு அழைத்தபோது நாற்காலி இல்லை. அவள் உடையின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

இயக்குநர் பேசினார்.

"எட்டு ஆண்டுகள்! பன்னிரண்டு உடைகள்! ஒரு கிழிசல் இல்லை. ஒரு கறை இல்லை. ஒரு சொட்டு ஈரம் இல்லை. வேறு எத்தனையோ இடங்களில் இத்தகைய உடைகள் இருக்கின்றன. அங்கெல்லாம் அவற்றைத் தண்ணீரில் போட்டுக் கெடுத்துவிடுகிறார்கள்." கைதட்டல். "நம் அருமைப் பணியாளர் ஒருவரை நாம் இழந்தோம். அந்தக் கடைசி நேரத்திலும் அவர் இயக்ககத்தின் உடைமை எதற்கும் சேதம் விளைவிக்கவில்லை. படகு திரும்பக் கிடைத்தது. பாய் திரும்பக் கிடைத்தது. அவர் சட்டைப்பையில் இருந்த அளவுக் குறிப்பேடுகூட ஒரு பக்கம் நனையாமல் கிடைத்தது. ஏன்? குறிப்பேட்டுக்கு நாம் நீர்புகா உறை வழங்கியிருந்தோம். குறிப்பேடு எதுவும் உறையில்லாமல் ஏரிக்குள் போகக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

இந்த முறை கைதட்டல் கொஞ்சம் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது.

சான்றிதழைக் கையில் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசும்படி ஒலிபெருக்கியை அக்கா பக்கம் திருப்பினார்கள். நன்றி சொல்வாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

"அன்னிக்குக் கிடங்கு திறந்திருந்துதா?" என்று கேட்டாள்.

இயக்குநர் புன்னகைத்தார். அவருக்குத் தெரிந்த கேள்வி. "கிடங்கு என்னிக்கும் பூட்டியேதாம்மா இருக்கும். அதுதானே பாதுகாப்பு."

"சரி," என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கினாள். சட்டகத்துக்குள் இருந்த சான்றிதழைப் பட்டறையில் பசை டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தாள். கோபமாக வைத்ததாகத் தெரியவில்லை. அங்கேதான் இடம் இருந்தது.

குளிர் முற்றிய ஒரு காலையில் அளவர் கிளம்பும்போதே காற்று பலமாக இருந்தது. மூன்றாவது கம்பத்தில் மழைக்கோட்டின் ஓரம் பாய்க்கயிற்றில் சிக்கி, கயிறு கைக்கு வராமல் போனது. மிதவைச் சட்டையை அவிழ்த்து, கோட்டைக் கழற்றிப் படகின் உள்ளடியில் திணித்துவிட்டு, மிதவைச் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டார். நாலாவது கம்பத்தை நெருங்கும்போது காற்று பின்பக்கமாக வந்து அடித்தது. பாயின் அடிக்கட்டை தலைக்கு மேலே வீசிக்கொண்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. அவர் பார்க்கும்போதே ஏரி நிமிர்ந்து நின்றது. பிறகு தண்ணீரில் இருந்தார்.

முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. கைகள் உடனே மரத்தன. மூச்சு தன்பாட்டுக்குத் துடித்தது. அது அடங்கும்வரை அசையாமல் மிதந்தார். அடுத்து நெஞ்சுக்கு வரும் என்று காத்திருந்தார். குளிர் நெஞ்சுக்கு வரவில்லை. தண்ணீர் உடைக்கு வெளியே நின்று, யாரோ இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வதுபோல அவரை எல்லாப் பக்கமும் அழுத்திக்கொண்டிருந்தது. உள்ளே கம்பளிச் சட்டை வீட்டில் போட்டபடியே இருந்தது. வயிறு, முதுகு, தொடை எல்லாம் வெதுவெதுப்பாக இருந்தன. அவர் அதை உணர விரும்பவில்லை. வேறு எதையாவது பார்க்கலாம் என்று தலையைத் திருப்பினால் நாலாவது கம்பம் நின்றது. அளவைப் பார்த்து மனதில் குறித்துக்கொண்டார்.

படகைச் சுற்றி நீந்தி, அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நடுப்பலகையில் ஏறி நின்று விளிம்பைப் பிடித்து இழுத்தார். இரண்டு தடவை வழுக்கி விழுந்தார். மூன்றாவது தடவை பாய் தண்ணீரை உதறிக்கொண்டு எழுந்தது. படகுக்குள் ஏறி விழுந்தபோது, கவிழ்ந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. மீதி மூன்று கம்பங்களின் அளவையும் எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தார்.

படகுத்துறைப் படியில் பூட்டு நின்றிருந்தார். அளவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நனைஞ்சிருக்கே!"

"கவிழ்ந்துடுச்சு. அரை மணி நேரம் தண்ணிலே இருந்தேன்."

"நீங்க உசிரோட வந்துட்டீங்க, அது சரி. உடை நனைஞ்சிருக்கே, இப்ப நான் என்ன பண்ணுவேன்?" பூட்டின் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது.

பட்டறையில் அக்கா அவர் கைகளைத் துண்டால் சுற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "உள்ள எப்படிடா இருந்துது? குளிர்ந்துதா?"

அளவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாக்கா," என்றார். "ரொம்ப. இதைப் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்."

அக்கா தலையை ஆட்டினாள். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

விசாரணைக் குழு பத்து நாளில் கூடியது. இயக்குநர் நடுவில், வலப்பக்கம் ஓர் உறுப்பினர், இடப்பக்கம் ஓர் உறுப்பினர். அளவர்மீது மூன்று குற்றச்சாட்டுகள்: உடையை நனைத்தது, படிவம் பதினொன்று கொடுக்காமல் விழுந்தது, உடையின் கழுத்தை அனுமதியின்றி மாற்றியது.

"போன வருஷச் சம்பவத்தைப் பாருங்க," என்றார் வலப்பக்க உறுப்பினர் இரண்டு கோப்புகளையும் அருகருகே வைத்து. "அதே ஏரி, அதே கம்பம். எல்லாக் கட்டமும் நிரப்பியாச்சு. ஏழு நாள்ல கோப்பை மூடியாச்சு. உங்க கோப்புல 'இறந்த நேரம்'ங்கற கட்டம் காலியா கிடக்குது. அதை வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது?"

"மன்னிச்சுக்குங்க சார்."

"கவனமா பதில் சொல்லுங்க," என்றார் இயக்குநர். "அனுமதி இல்லாத கழுத்து இருந்ததாலதான் நீங்க பிழைச்சீங்க. அப்படித்தானே?"

"ஆமாங்க ஐயா."

"அப்ப, அனுமதி பெற்ற கழுத்து இருந்திருந்தா?" இடப்பக்க உறுப்பினர் ஆர்வமாகக் கேட்டுவிட்டார். அவர் குழுவுக்குப் புதியவர்.

எழுத்தர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இயக்குநரைப் பார்த்தார்.

"அந்தக் கேள்வியைப் பதிவு செய்ய வேண்டாம்," என்றார் இயக்குநர்.

அடுத்து அக்காவை அழைத்தார்கள். இயக்ககத்தின் உடைமையில் கை வைத்த வெளியாள் என்று கோப்பில் அவளைக் குறித்திருந்தார்கள். நல்ல நிலையில் இருந்த கழுத்தை எதற்காக மாற்றினாய் என்று கேட்டார்கள்.

"நல்ல நிலையில இல்லைங்க."

"கிடங்கில் உள்ள பன்னிரண்டு உடைகளும் மிக நல்ல நிலையில் இருக்கின்றன என்று ஆண்டுதோறும் சான்றளித்திருக்கிறோம்," என்று இயக்குநர் எழுத்துத் தமிழுக்கு மாறினார்.

"மத்த பதினொண்ணையும் கொண்டுவரச் சொல்லுங்க."

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுக்க விதி எதுவும் உடனே நினைவுக்கு வரவில்லை. பூட்டு ஒரு தள்ளுவண்டியில் பதினொரு உடைகளையும் கொண்டுவந்து மேசையோரம் நிறுத்தினார். அக்கா முதலாம் எண் உடையை எடுத்தாள். மேடையில் உட்கார்ந்திருந்த அதே உடை. கழுத்து ரப்பருக்குள் நான்கு விரல்களை விட்டு, தலை நுழையும் அளவுக்கு மெதுவாக விரித்தாள். அது பிளந்து உதிர்ந்தது. மடித்து வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தாள்.

"அம்மா, நிறுத்துங்க!" என்று பூட்டு கத்தினார்.

மூன்றாவது. நான்காவது. அவள் கோபப்படவும் இல்லை, அவசரப்படவும் இல்லை. பாய் தைக்கும்போது நூல் போடுகிற அதே வேகத்தில் ஒவ்வொன்றாக எடுத்து, விரித்து, மடித்து வைத்தாள். கறுப்புத் துணுக்குகள் மேசைமேல், கோப்புகள்மேல், இயக்குநரின் தேநீர்க் கோப்பையில் விழுந்தன. பதினொன்றாவதை முடித்துவிட்டுக் கைகளைத் தட்டிக்கொண்டாள்.

"இதுல எதைப் போட்டு இறங்கினாலும் கழுத்து வழியா தண்ணி உள்ள போயிடும்," என்றாள். "ஒண்ணை மாத்தினதுக்குத்தான் கூப்பிட்டிருக்கீங்க. மிச்சத்தையும் மாத்தணும்."

ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு குழு ஆலோசித்தது. உத்தரவு இப்படி வந்தது: இயக்ககத்தின் பதினொரு உடைகளைக் குழுவின் கண்முன்னே சேதப்படுத்திய குற்றத்துக்காக, மேற்படிப் பெண்மணி அவரே அவற்றுக்குப் புதிய கழுத்தும் மணிக்கட்டும் பொருத்தி, அவரே நீரில் இறங்கி ஒவ்வொன்றையும் சோதித்து, முப்பது நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். அளவர் உயிருடன் திரும்பியது குறித்த முடிவு ஒத்திவைக்கப்படுகிறது.

'நீரில் இறங்கி' என்பதைச் சேர்த்தது இடப்பக்க உறுப்பினர் என்று பிறகு சொன்னார்கள். அவர் வேறு இலாகாவுக்கு மாற்றப்பட்டார்.

அக்கா தண்டனையை ஒழுங்காகச் செய்தாள். ஒரு நாளைக்கு ஒரு உடை. சோதிப்பதற்குத் தண்ணீரில் இறங்கும் வேலையை மட்டும் அளவர் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். "நீ ஏன்க்கா? நான் எப்படியும் நனையற ஆளு," என்பார். சோதனை முடிந்த உடையைப் பூட்டிடம் நீட்டுவார்கள். பூட்டு தொட்டுப் பார்ப்பார். "ஈரமா இருக்கு. ஈரப் பொருளைக் கிடங்குக்குள்ள எடுக்க விதியில்லை. காய வெச்சுக் குடுங்க." படகுத்துறைக் கைப்பிடிக் கம்பியில் அதைத் தொங்கவிடுவார்கள். குளிர்காலம்; எதுவும் எளிதில் காயாது. மறுநாள் காலையில் ஏரிக்குள் போகிற யாராவது, மிதவை விளக்குகளைத் துடைப்பவரோ, பாசி அள்ளுகிறவர்களோ, கம்பியில் தொங்குவதைப் போட்டுக்கொண்டு போவார்கள். திரும்பி வந்து ஈரத்தோடு மாட்டுவார்கள். பூட்டு பதிவேட்டில் எழுதுவார்: 'ஈரம். ஏற்கவில்லை.' இப்படியே பத்து உடைகள் கம்பியில் சேர்ந்தன. அவற்றில் ஒன்றுகூட ஒரு நாளும் காயவில்லை.

பதினொன்றாவது உடையைச் சோதிக்கும் அன்று பூட்டு உத்தரவை இன்னொரு முறை படித்தார்.

"'அவரே'ன்னு போட்டிருக்கு," என்றார். "அம்மாதான் இறங்கணும். பத்துக்கும் நீங்க இறங்கினதை நான் கவனிக்காம விட்டுட்டேன். இதுக்காவது அவங்க இறங்கணும்."

"வேண்டாங்க. நானே இறங்கறேன்," என்றார் அளவர். குரல் தேவைக்கு மேல் உயர்ந்திருந்தது.

"ஏன்டா கத்தறே? இறங்கிட்டாப் போச்சு," என்றாள் அக்கா.

"தண்ணி நாலு டிகிரி. வேண்டாம்க்கா. சொன்னா கேளு."

அவள் அதற்குள் கம்பளிச் சட்டைக்கு மேல் உடையை மாட்டத் தொடங்கியிருந்தாள். அவளுக்கு அது பெரிது. கால் பக்கம் மடிந்து நின்றது. கழுத்தும் மணிக்கட்டும் மட்டும் கச்சிதமாகப் பிடித்தன. ஜிப்பைக் கடைசிவரை இழுத்து, குத்தவைத்துக் காற்றை வெளியேற்றி, மிதவைச் சட்டையை அணிந்துகொண்டாள். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை அளவர் பிடித்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் பிடித்துக்கொண்டார்.

அக்கா படிப்படியாக இறங்கினாள். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. பிறகு காலை விட்டு மிதந்தாள். பூட்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விதிப்படி ஐந்து நிமிடம்.

"ஆச்சும்மா. வரலாம்."

அவள் வரவில்லை. பத்து நிமிடம் ஆனது.

"அக்கா, போதும். ஏறு."

அவள் கரைப் பக்கம் திரும்பினாள். முகம் வெளிறியிருந்தது, உதடு நீலமாக இருந்தது. ஆனால் பேச்சு நடுங்கவில்லை.

"ரொம்பக் குளிர்ந்துதுன்னு சொன்னியே."

அளவர் கயிற்றை இன்னொரு சுற்று கையில் சுற்றிக்கொண்டார்.

"குளிரவே இல்லைடா," என்றாள் அக்கா. "கை மட்டும்தான். உள்ள குளிரவே இல்லை."

பூட்டு நேரத்தைக் குறிக்கப் பேனாவை எடுத்திருந்தார். அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். அளவர் ஈரப் படியில் உட்கார்ந்தார். அக்கா முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கழுத்துவரை தண்ணீரில், கைகளை விரித்து மிதந்தபடி, ஓராண்டு கழித்து முதல் முறையாக அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். அளவர் கயிற்றைக் கையில் பிடித்திருந்தார், இழுக்கவில்லை.